அமர்முடுகல் கணக்கு: சமன்பாடா, வரைபா?

சீரான அமர்முடுகல் (வேகம் ஒரே வீதத்தில் குறைவது) என்று கண்டதும் உயர்தரப் பிள்ளைகளின் கை சமன்பாட்டுக்குத்தான் போகிறது. தொடக்க வேகம் யூ, இறுதி வேகம் வீ, ஆர்முடுகல் ஏ, தூரம் எஸ், நேரம் ரீ ஐந்தையும் வரிசையாக எழுதி, தெரிந்ததை நிரப்பி, தெரியாததற்கு ஒரு கேள்விக்குறி போடுவார்கள். கெட்ட வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் பஸ் நிற்கிற கணக்கென்றால் நான் வேக–நேர வரைபின் பக்கம்தான்.

கந்தளாயில் இருந்து திருகோணமலைக்கு ஒரு பஸ் மணிக்கு 72 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 20 மீற்றரில் வருகிறது. நடு ரோட்டில் மாடு படுத்திருக்கிறது (அந்த ரோட்டில் போனவர்களுக்கு இது புதினமில்லை). சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்க அரைச் செக்கன். பிறகு அமர்முடுகல் 5 மீ/செ². பிரேக் பிடித்து 6 செக்கனில் பஸ் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

எஸ் = யூ×ரீ + ½×ஏ×ரீ² என்ற சமன்பாட்டில் ஏ = −5 என்று போட்டால் 20×6 − ½×5×36 = 30 மீற்றர். பிழை! பஸ் 4 செக்கனிலேயே 40 மீற்றர் போய் நின்றுவிட்டது. மிச்ச 2 செக்கனில் அது பின்னுக்கு ஓடி வந்ததாகச் சமன்பாடு எடுத்துக்கொள்கிறது. மேலே எறிந்த பந்து திரும்பி வரும், பஸ் வராது. அந்த வித்தியாசம் சமன்பாட்டுக்குத் தெரியாது.

வரைபில் இந்தப் பொறியே இல்லை. கோடு இறங்கி 4இல் நேர அச்சைத் தொடுகிறது, அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவுதான் தூரம்; முக்கோணத்தின் பரப்பளவு 40. சாரதி யோசித்த அரைச் செக்கன் ஒரு செவ்வகம், அது 10. மாட்டைக் கண்ட இடத்தில் இருந்து மொத்தம் 50 மீற்றர். அமர்முடுகலுக்கு மறைக்குறியை ஒரு தரம் போடுவதா, இரண்டு தரம் போட்டு பஸ்ஸை வேகமாக ஓடவிடுவதா என்ற குழப்பமும் இல்லை. கோடு கீழே சரிந்தால் சரி.

நேரமே வராத கணக்கில் மட்டும் நான் கட்சி மாறுவேன். சீனக்குடா நிலையத்தை நெருங்கும் ரயிலின் வேகம் சீரான அமர்முடுகலில் 300 மீற்றரில் பாதியாகிறது. நிற்க இன்னும் எவ்வளவு தூரம் வேண்டும்? வீ² = யூ² + 2×ஏ×எஸ் என்ற வீ வர்க்கச் சமன்பாட்டின்படி, போன தூரத்துக்கு ஏற்ப வேகவர்க்கம் சீராகக் குறையும். வேகம் பாதி என்றால் வேகவர்க்கம் கால்வாசி. முக்கால்வாசி போக 300 மீற்றர், மிச்சக் கால்வாசிக்கு 100. வரைபில் இயல்பொத்த முக்கோணம் வைத்தும் இதே விடை வரும். ஆனால் வீ வர்க்கச் சமன்பாடு மனதிலேயே முடிந்துவிடும். அதே பஸ் 90இல் வந்திருந்தால் பிரேக் தூரம் 62.5 மீற்றராவதும் இந்த வர்க்கத்தால்தான். வேகம் கால் பங்கு கூட, தூரம் பாதிக்கு மேல் கூடிவிட்டது.

கடைசிச் செக்கனில் போன தூரம் கேட்டால் இரண்டையும் விடுங்கள். படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் பஸ் ஓய்விலிருந்து புறப்படுகிறது: 2.5, அப்புறம் 7.5, 12.5, 17.5. அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். பௌதிகவியலில் கல்குலேட்டர் இல்லாமல் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

இணைந்த கணிதத்தில் தெரிவே இல்லாமலும் போகலாம். வரைபை வரைந்து அதிலிருந்து காண்க என்று கேட்டிருந்தால், சமன்பாட்டில் விடை சரியாக வந்தாலும் வரைபுக்குரிய புள்ளி கிடைக்காது.