கோத்தகிரிச் சரிவில் தாங்குசுவர்: கான்கிரீட்டா, ஜியோகிரிட்டா?

கோத்தகிரி பக்கம் எங்கள் இடத்தில் 4 மீட்டர் உயரத்துக்கு மண்ணைத் தாங்க வேண்டியிருந்தது. ஒன்று, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். இன்னொன்று, மண்ணை நிரப்பிக்கொண்டே அடுக்கடுக்காக ஜியோகிரிட் என்ற, மண்ணைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வலையை விரித்து, முகப்பில் பிளாக் அடுக்குவது. நாங்கள் வலையைத்தான் எடுத்தோம்.

கான்கிரீட் உள்ளூர் மேஸ்திரிக்குக் கைவந்த வேலை. வலையோ சுவர் உயரத்தில் 70 சதவீதமாவது பின்னால் போகும்; 4 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர். இடம் நெருக்கடி என்றால் கான்கிரீட் பக்கம் போவதே சரி.

எனக்கு முடிவு சொன்னது தண்ணீர். காய்ந்த மண் 4 மீட்டர் சுவரை, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தோராயமாக 5 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் தேங்கினால் அது 10 டன்னைத் தாண்டும். கான்கிரீட் சுவரில் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் எனப்படும் சிறு துளைகள்தான் வழி. பின்னால் ஜல்லி வடிகட்டி சரியில்லாமல் வண்டல் அடைத்துக்கொண்டால், சுவர் சாயும்வரை வெளியே தெரியாது. 2009 நவம்பரில் நீலகிரி மழையில் எத்தனை சரிவுகள் இறங்கின என்று பார்த்தவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை.

பிளாக் முகப்பில் சிமென்ட் பூச்சு கிடையாது. பின்னால் ஒரு அடிக்கு ஜல்லி. ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தண்ணீர் வடியும். அஸ்திவாரம் லேசாக அமுங்கினாலும் சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கான்கிரீட்போல் விரிசல் விடாது.

ஆனால் நிரப்பும் மண்ணின் தரத்தில் கை வைத்தால் எல்லாம் போச்சு. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்துகள் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெட்டியெடுத்த செம்மண் களிமண் கலந்து இருந்ததால் தள்ளிவிட்டோம். குவாரி டஸ்டிலும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) எல்லா லோடும் தேறாது. சலித்துப் பார்த்த பிறகே லாரியைக் கொட்டவிட்டோம். மிச்சப்பட்ட கம்பிச் செலவில் பெரும்பகுதியை இந்த வண்டி வாடகை தின்றுவிட்டது. மலிவு என்று நம்பி இதற்கு வராதீர்கள்.

வேலையில் ஒன்றைக் கூடவே நின்று பாருங்கள்: வலையின் பலமான திசை சுவருக்குக் குறுக்காக, மண்ணுக்குள் போக வேண்டும். சுவர் நீளத்துக்கு உருட்டி விரித்தால் வேலை சுலபம், பிடிப்புத்தான் இருக்காது.

எங்கள் சுவர் பார்த்தது சில மழைக்காலங்களைத்தான். பத்திருபது வருடம் கழித்து எப்படி நிற்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பின்னால் அந்த 3 மீட்டருக்குள் செப்டிக் டேங்க், பைப் லைன் என்று எதற்கும் தோண்டக் கூடாது. இடத்தை விற்றால் வாங்குபவரிடம் வலை எதுவரை போகிறது என்ற வரைபடத்தையும் பத்திரத்தோடு கொடுத்துவிடுங்கள்.