ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீமேக்: சண்டையில் வரவு, சந்துகளில் செலவு

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் மூன்று சிடிகளில் வெளியான ஃபைனல் ஃபேண்டஸி 7 என்னும் வீடியோ கேமில் மிட்கார் நகரம் வெறும் தொடக்கம்தான். ஐந்தாறு மணி நேரத்தில் அதைத் தாண்டினால் உலக வரைபடம் விரியும். 2020 ஏப்ரல் 10 அன்று பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த ரீமேக், அந்த மிட்காரை மட்டும் எடுத்து 18 அத்தியாயங்களாக, முப்பத்தைந்து நாற்பது மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறது. அதில் சண்டைக்குக் கொடுத்த இடமெல்லாம் வரவு. நடுநடுவே செருகிய நடைதூரம் செலவு.

முதல் அத்தியாயத்தின் தேள் ரோபோவையே எடுத்துக்கொள்ளலாம். பழைய கேமில் அதன் வால் நிமிர்ந்திருக்கும்போது அடித்தால் லேசரால் திருப்பி அடிக்கும். ஆங்கிலப் பதிப்பில் நாயகன் கிளவுட் விடும் எச்சரிக்கையோ "வால் நிமிர்ந்திருக்கும்போது அடி" என்று தலைகீழாக அச்சாகியிருந்தது. நம்பி அடித்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ரீமேக்கில் அந்தக் காத்திருப்பு ஓட்டமாக மாறிவிட்டது: மேலிருந்து இடிபாடு விழுந்ததும் அதன் பின்னால் ஒளிந்தால்தான் வால் லேசரிலிருந்து தப்பலாம். நடுவில் அது கவசத் திரை போட்டால் முன்னால் நின்று வெட்டிப் பயனில்லை, பின்பக்க ஜெனரேட்டரை உடைக்க வேண்டும். தண்டர் மந்திரம் நன்றாக எடுபடும்.

வெளிப்பார்வைக்கு இது ஆக்‌ஷன் கேம். சதுர பட்டனைத் தட்டினால் வாள் சுழலும். ஆனால் அந்த வெட்டுகளின் முதல் வேலை ஏடிபி எனப்படும் செயல்சக்திக் கட்டத்தை நிரப்புவதுதான். மந்திரம், சிறப்புத் திறன், மருந்து என்று உருப்படியான எதைச் செய்யவும் குறைந்தது ஒரு கட்டம் செலவாகும். புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரிய தப்பு, கடைசிவரை கிளவுடையே பிடித்துக்கொண்டிருப்பது. கம்ப்யூட்டர் ஓட்டும் கூட்டாளிகளுக்குக் கட்டம் ஆமை வேகத்தில்தான் ஏறும். ஆளை மாற்றி நாலு அடி அடித்துவிட்டுத் திரும்பினால் மூவருக்கும் கட்டம் கையிருப்பில் இருக்கும். இன்னொரு தப்பு, எதிரி பாயும் நேரம் பார்த்து மந்திரத்தைத் தொடங்குவது. பலமான அடி விழுந்தால் மந்திரம் கலைந்துவிடும். செலவான ஏடிபியும் எம்பி எனப்படும் மந்திர சக்தியும் போனது போனதுதான். உருண்டு விலகுவதை நம்புவதைவிட ஆர்1 அழுத்தித் தடுப்பது லாபம், தடுத்தாலும் கட்டம் கொஞ்சம் ஏறும். கிளவுடின் பனிஷர் என்னும் சண்டை நிலையில் தடுத்தால் கைகலப்பு அடிக்கு உடனே பதிலடி விழும். தூரத்திலிருந்து வரும் குண்டுக்கும் மந்திரத்துக்கும் அந்த நிலையில் தடுப்பே கிடையாது. இது தெரியாமல்தான் பலர் மடிகிறார்கள்.

எதிரியை நிலைகுலைய வைக்கும் ஸ்டேகர்தான் மொத்த சண்டைக்கும் முதுகெலும்பு. புது எதிரி வந்ததும் அஸெஸ் மெட்டீரியாவால் (ஆயுதத்திலோ கைக்காப்பிலோ பதிக்கும் மந்திரக் கல்) ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பலவீனம் மட்டுமல்ல, எப்படித் திணறடிக்கலாம் என்பதையும் அது சொல்லும். திணறும்போது கிளவுடின் ஃபோக்கஸ்டு த்ரஸ்ட் என்னும் சிறப்புத் திறன் இறங்கினால் ஸ்டேகர் பட்டை விறுவிறுவென்று நிரம்பும். நிரம்பியதும் சேதம் 160 சதவீதம். இங்கே எல்லோரும் உடனே பெரிய அடியை அவிழ்த்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கூட்டாளி டிஃபாவுக்கு முன்கூட்டியே அன்பிரைடில்டு ஸ்ட்ரெங்த் என்னும் திறனை ஏற்றி வைத்திருந்தால், அவளுடைய முக்கோண பட்டன் அடிகள் அந்தச் சதவீதத்தையே மேலே தள்ளும். அதற்குப் பிறகு மற்றவர்கள் இறங்கினால் ஒவ்வொரு அடியும் கூடுதலாக விழும்.

மெட்டீரியா கோக்கும் விதம் பழையதுதான், சுவையும் குறையவில்லை. எலிமென்டல் மெட்டீரியாவை ஆயுதத்தில் ஃபயர் மெட்டீரியாவுடன் இணைத்தால் வெட்டில் நெருப்பு ஏறும். அதே ஜோடியைக் கைக்காப்பில் போட்டால் முதல் நிலையில் நெருப்புச் சேதம் குறையும், இரண்டாம் நிலையில் ஒன்றுமே ஆகாது, மூன்றாம் நிலையில் அடி விழ விழ உடம்பு தேறும். மேக்னிஃபை மெட்டீரியா முழு கேமிலும் ஒன்றே ஒன்று. அது ஆறாம் அத்தியாயத்தில் பாதையை விட்டு விலகிய இடத்தில் கிடக்கிறது. ஹீலிங்குடன் இணைத்தால் மொத்தக் குழுவுக்கும் ஒரே மந்திரம் போதும். அவசரத்தில் தாண்டிப் போய்விட வேண்டாம்.

இந்தப் பாடமெல்லாம் ஒன்பதாம் அத்தியாயத்து ஹெல் ஹவுஸில் பரீட்சைக்கு வரும். பழைய கேமில் சாதாரண எதிரியாக வந்த வீடு, இங்கே அரங்கத்து பாஸ். ஜன்னல் சிவந்தால் பனி மந்திரம் போட வேண்டும், நீலமானால் நெருப்பு, மஞ்சளானால் காற்று, பச்சையானால் மின்னல். நிறம் தெரியும்போது வாளை வீசுவது வீண் வேலை. கூட்டாளி ஏரித்துக்கும் கிளவுடுக்கும் நான்கு மந்திரங்களையும் பங்கு போட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. ஏரித்தின் ஆர்கேன் வார்டு வட்டத்துக்குள் நின்றால் தாக்கும் மந்திரம் இரட்டிப்பாகப் பாயும்.

குறை என்று பார்த்தால், பறக்கும் எதிரிகளிடம் கிளவுட் தாவித் தாவி வீணாகிறான். அவற்றைக் கூட்டாளி பாரெட்டின் துப்பாக்கியிடம் விட்டுவிடலாம். குறுகிய அறைகளில் கேமரா சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிடச் சலிப்பு, ஆறாம் அத்தியாயத்துச் சூரிய விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துத் திரிவதும், ஒன்பதின் தொடக்கத்தில் இயந்திரக் கையை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும், பதினேழில் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும். சந்துகளில் உடலை ஒடுக்கி நுழையும் காட்சிகளுக்குக் கணக்கே இல்லை. கதை சூடுபிடிக்கும் நேரத்தில்தான் இவை வந்து நிற்கின்றன.

முடித்தவர்களுக்கு ஹார்டு என்னும் கடின நிலை திறக்கும். அதில் மருந்துப் பொருள் எதையும் தொட முடியாது, பெஞ்சில் உட்கார்ந்தால் ஹெச்பி எனப்படும் உயிர்ச் சக்தி திரும்பும், எம்பி திரும்பாது. எம்பியே கேட்காத பிரேயர், சக்ரா என்னும் குணமாக்கும் மெட்டீரியாக்களை முதல் ஆட்டத்திலேயே வளர்த்து வைத்தவர்களுக்குப் பாதிக் கவலை இல்லை. கையில் பிளேஸ்டேஷன் 5 இருந்தால் 2021 ஜூனில் வந்த இன்டர்கிரேடு பதிப்பையே எடுக்கலாம். யூஃபி என்னும் பெண் நிஞ்ஜாவின் இரண்டு அத்தியாயங்கள் அதில் உண்டு. பிளேஸ்டேஷன் 4-இல் கேலிக்கு ஆளான கிளவுட் வீட்டு மங்கல் கதவும் அதில் ஒரு வழியாகக் கதவு மாதிரி இருக்கிறது.