கறுப்புக் காரும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரும்: இரண்டு நாள் மல்லுக்கட்டு

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிழலில் நிற்கும்போது புதுசு மாதிரி இருக்கும், வெயிலுக்கு வந்ததும் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். என் காரில் அது கொஞ்ச நஞ்ச வலை இல்லை. ஐந்து வருஷம் காய்ந்த துணியால் தூசி தட்டியது, அவசரத்துக்கு பிரஷ் சுழலும் வாஷுக்குள் விட்டது எல்லாம் சேர்ந்து, ராத்திரி ஒரு விளக்குக் கம்பத்துக்கு அடியில் நிறுத்தினால் பாத்திரம் தேய்க்கிற நாரால் காரைத் தேய்த்திருக்கிறேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதலில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். பெயர் வேண்டாம். சாயங்காலம் திரும்ப வாங்கும்போது கண்ணாடி மாதிரி மின்னியது, நாலு வாஷ் முடிந்ததும் பழைய கீறல் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்துவிட்டது, கூடவே வெயிலில் அலை அலையாக ஆடும் ஒரு புது மினுமினுப்பும். கீறலை எடுக்கவே இல்லை, எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைப் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த அலை, ரோட்டரி பாலிஷ் மெஷினைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் ஓட்டினால் விழுகிற ஹாலோகிராம். அந்த எரிச்சலில்தான் சொந்தமாக மெஷின் வாங்கினேன்.

வாங்கியது 8 மில்லிமீட்டர் த்ரோ (தட்டு ஊசலாடும் வட்டத்தின் அகலம்) உள்ள டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், 5 இன்ச் பேட் (காரைத் தேய்க்கும் ஃபோம் வட்டு). ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும், கை பழகாதவன் ஓரத்தில் ஒரு நிமிஷம் அசந்தால் பெயின்ட்டே போய்விடும். நான் வாங்கியதோ சுற்றிக்கொண்டே ஊசலாடவும் செய்கிறது, அழுத்தம் கூடினால் சுற்றுவதை நிறுத்திவிடும். முதல் நாள் அதை மெஷினின் குறை என்று நினைத்துத் திட்டினேன். உண்மையில் என்னைப் போன்ற ஆளிடமிருந்து காரைக் காப்பாற்றியது அந்தக் குணம்தான்.

க்ளியர் கோட், அதாவது பெயின்ட்டின் மேலே உள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு என்பது மொத்தமே 40, 50 மைக்ரான் அளவில் இருக்கும் சமாச்சாரம், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கீறலை எடுப்பது என்றால் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள க்ளியர் கோட்டைத் தேய்த்துக் குறைப்பது, வேறு மந்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், போனது திரும்ப வராது. அதனால் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படுகிற கீறல்களை நான் தொடவே இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம். மெகுவையர்ஸ் கம்பெனியின் எம்105 காம்பவுண்ட் (கீறலை வெட்டி எடுக்கும் முரட்டுப் பசை), அதன் பிறகு எம்205 பாலிஷ் (பளபளப்பை முடித்துக் கொடுக்கும் மென்மையான பசை). பழைய ரகக் காம்பவுண்டில் உள்ள அரைக்கும் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறிதாகும், அது உடையும் வரை ஓட்டியாக வேண்டும். இந்த இரண்டிலும் துகள் அப்படி உடைவதில்லை, ஆரம்பத்தில் வெட்டுகிற மாதிரிதான் கடைசி வரை வெட்டும். ஆகவே பசை காய்வதற்குள் நிறுத்திவிட்டு, துடைத்துப் பார்த்து, தேவை இருந்தால் இன்னொரு சுற்று. எம்105-ஐ நான் முதலில் தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாக ஊற்றிவிட்டேன். பேட் நனைந்து சொதசொதவென்று ஆகி, வைப்பர் இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. பட்டாணி அளவில் நாலு பொட்டு போதும், தப்பு முழுக்க என்னுடையது.

மெஷினை எடுப்பதற்கு முன் நன்றாகக் கழுவி, கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டு, பிளாஸ்டிக்கிலும் பேனல் ஓரங்களிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டினேன். ஓரத்தில் பெயின்ட் மெலிசாக இருக்கும், அங்கே தைரியம் காட்டக் கூடாது. அப்புறம் பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சோதனை. எம்205-ஐ மென்மையான பேடில் போட்டேன், மேலோட்டமான கீறல் மட்டும் போனது. அதன் பிறகுதான் கடினமான ஃபோம் பேடும் எம்105-உம். இடம் வலமாக ஒரு தடவை, மேலும் கீழுமாக ஒரு தடவை, ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூடுகிற மாதிரி, நத்தை வேகத்தில்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்ப உதவியது: பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கதவின் வளைவில் வந்ததும் என் கோடு அப்படியே நின்றுவிட்டது. மெஷின் உறுமுகிறது, கை அதிர்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. பேடைத் தட்டையாகப் பிடித்து அழுத்தத்தைக் குறைத்ததும் கோடு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கால் மணி நேரம் அதே இடத்தில் ஏன் ஒன்றும் மாறவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் சிக்கிய பெயின்ட் தூளே புதுக் கீறல் போடும். துடைத்த பிறகு தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து இன்னொரு தடவை துடைத்துத்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசை நம்மையே ஏமாற்றும். பார்ப்பதற்குக் கை டார்ச் ஒன்று கட்டாயம். அதில் ஒரு வேடிக்கை: டார்ச்சை நகர்த்தினால் அந்த வட்ட வலையும் கூடவே நகரும். கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை, நாலா பக்கமும் தாறுமாறாகக் கிடக்கின்றன, வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் பளிச்சிட்டு வட்டம் மாதிரி காட்டுகின்றன. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கலாம், பின்னால் கறுப்பு இல்லாததால் தெரிவதில்லை.

எம்105 முடிந்த நிலையில் கீறல் போயிருந்தது, ஆனால் கறுப்பு ஒரு மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. கொஞ்சம் பயந்துவிட்டேன். எம்205 ஒரு சுற்று போனதும் அந்த மூட்டம் கலைந்தது, பானட்டில் டார்ச்சின் முனை ஒற்றைப் புள்ளியாக, சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் நின்றது. இந்த இரண்டு பாட்டிலில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் எம்205. கறுப்புக்கு ஃபினிஷிங்தான் எல்லாமே.

பானட்டுக்கு மட்டும் மூன்று மணி நேரம், முழுக் காருக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் தோள்பட்டை லீவு. மெஷினில் குறை என்றால் அதிர்வு. அரை மணிக்கு மேல் தொடர்ந்து பிடித்தால் விரல் மரத்துப் போகிறது. சத்தமும் ஜாஸ்தி. பம்பர் இடுக்கிலும் பக்கக் கண்ணாடிக்குக் கீழேயும் 5 இன்ச் பேட் நுழையாது, சேர்த்தே 3 இன்ச் தட்டு ஒன்று வாங்கியிருக்க வேண்டும்.

என் கணக்கில் பத்தில் எட்டு கீறல் போயிருக்கும். டிக்கியில் சாவி உரசிய மாதிரி இரண்டு கோடு அப்படியே இருக்கின்றன. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழியில் நகக் கீறல்களும் பத்திரமாக இருக்கின்றன, அதற்குள் எந்த மெஷினும் போகாது, ஞாயிற்றுக்கிழமை விரலில் ஒரு சின்ன அப்ளிகேட்டரை (பசை பூசும் துண்டு) சுற்றி எம்205-ஐத் தொட்டு உட்காரப் போகிறேன்.