சின்ன ஸ்ப்ரைட்டின் ஓரம்: கையால் மழுக்குவதா, கருவியிடம் விடுவதா?

16×16, 32×32 பிக்ஸல் ஸ்ப்ரைட்டில் (வீடியோ கேமில் வரும் சின்ன உருவப் படம்) வளைவுகள் படிக்கட்டு மாதிரி தெரிந்தால் செய்யக்கூடியவை மூன்று. மென்மையான பிரஷ்ஷால் வரையலாம். நாலு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கலாம். அல்லது ஒரு பிக்ஸல் பென்சிலால் வரைந்து, இடைநிறப் புள்ளிகளைக் கையாலேயே வைக்கலாம். இந்த அளவுகளுக்கு என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். பார்வைக்கு மூன்றையும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். இரண்டு மாதம் கழித்து அதே ஸ்ப்ரைட்டைத் திருத்த உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

மென்மையான பிரஷ்ஷைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஓரமெங்கும் அரைகுறை ஆல்ஃபா (பாதி ஊடுருவித் தெரியும்) பிக்ஸல்களை விட்டுப்போகும். 16 பிக்ஸல் அகலத்தில் இரு பக்கமும் ஒவ்வொன்று மங்கினாலே உருவத்தில் எட்டில் ஒரு பங்கு போச்சு. பக்கெட் கருவியால் நிறம் ஊற்றினால் ஓரத்தில் நிரம்பாத புள்ளிகள் பல்லிளிக்கும்.

பெரிதாக வரைந்து சுருக்குவதில் வேகம் உண்டு, மறுக்கவில்லை. 64-ஐ 16 ஆக்கும்போது மூலத்தின் 16 பிக்ஸல்கள் சராசரியாகி ஒன்றாகின்றன. அதனால் அவுட்லைன் சரியாக 4 பிக்ஸல் தடிமனில், 4-இன் கட்டத்துக்குள் பொருந்தி நிற்க வேண்டும். 2 பிக்ஸல் தள்ளி நின்றால் அந்தக் கோடு இரண்டு வரிசைகளில் பாதிப் பாதியாகப் பிரிந்து சாம்பல் பட்டையாகிவிடும். ஸ்ப்ரைட்டில் உருவத்தின் கண் முதலில் காலியாவது இதனால்தான். சராசரி வேண்டாமென்று நியரஸ்ட் முறையில் (கலக்காமல், பக்கத்திலிருக்கும் ஒரு பிக்ஸலை அப்படியே எடுப்பது) சுருக்கினால் புதிய நிறம் வராது. ஆனால் மெல்லிய கோடுகள் அங்கங்கே காணாமல் போகும்.

இனி கைவேலை. இடைநிறம் வைக்கும் முன் கோடே ஒழுங்காக இருக்க வேண்டும். பாதிப் படிக்கட்டு அங்கேயே சரியாகிவிடும். 16 பிக்ஸல் வட்டத்தின் கால்பகுதியை எடுத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து பக்கவாட்டு வரை துண்டுகளின் நீளம் 6, 2, 1, 2, 6 என்று குறைந்து, பிறகு கூட வேண்டும். 6, 1, 2, 1, 6 என்று மாறினால் அந்த இடத்தில் ஒரு புடைப்பு. எந்த ஆன்டி-ஏலியஸிங்கும் (இடைநிறம் வைத்துப் படிக்கட்டை மழுக்குவது) அதை மறைக்காது. பென்சிலில் மூலைகள் இரட்டிக்காமல் இருக்க, ஏஸ்ப்ரைட் என்ற பிக்ஸல் வரைமென்பொருளில் பிக்ஸல்-பெர்ஃபெக்ட் தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வட்டத்தின் மேல் வரிசையில் 6 பிக்ஸல். அதன் இரு முனைகளுக்கும் நேர் கீழே, கோட்டுக்கு உள்பக்கமாக, அவுட்லைனுக்கும் உடல் நிறத்துக்கும் இடைப்பட்ட நிறத்தில் ஒவ்வொரு புள்ளி. நாலு பக்கமும் சேர்த்து 8 புள்ளிதான். 2-இலிருந்து 1-க்கு இறங்கும் படியில் வைக்காதீர்கள், மூலை தடித்துவிடும். கிடைக்கோட்டுக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் 45 டிகிரிக் கோட்டுக்கும் தேவையே இல்லை. 6 பிக்ஸல் படிகளாக இறங்கும் நீண்ட சாய்வு என்றால் படிக்கு 2 பிக்ஸல் போதும். முழு நீளத்துக்கும் இடைநிறத்தை ஓட்டினால் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்ட மாதிரி பட்டையடித்துவிடும்.

அந்த 8 புள்ளிக்கும் புது நிறம் கலக்கக் கூடாது. பேலட்டில் (படத்துக்கான நிறப் பட்டியல்) ஏற்கெனவே இருக்கும் நிழல் நிறமே போதும். என் கட்சிக்கு முக்கிய ஆதாரமே இதுதான். 5 நிறத்தில் வரைந்த எதிரி 5 நிறத்திலேயே இருக்கிறான். இண்டெக்ஸ்டு முறையில் (ஒவ்வொரு பிக்ஸலும் பேலட்டின் ஒரு கட்டத்தைச் சுட்டுவது) அந்த 5 கட்டங்களை மாற்றினால் பச்சை எதிரி சிவப்பு எதிரியாகிவிடுவான், ஓரம் உட்பட. சுருக்கி எடுத்த படத்திலோ அந்த ஐந்தும் டஜன் கணக்கில் பெருகியிருக்கும். எந்தப் புள்ளி எந்த நிறத்தின் வாரிசு என்று தேடியே பொழுது போகும். எதிரியின் கை ஒன்றை 1 பிக்ஸல் நகர்த்த வேண்டுமென்றாலும் அதே கதை.

வெளி ஓரம் இன்னும் மோசம். வெள்ளைப் பின்னணியில் வரைந்து வெட்டியெடுத்தால் ஓரப் பிக்ஸல்களில் அந்த வெள்ளை கலந்தே இருக்கும்; இருட்டான குகை லெவலில் கதாநாயகனைச் சுற்றி ஒளிவட்டம் வரும். கையால் வைக்கும்போது உள்பக்கம் மட்டும் வைப்பதால், வெளியே ஒவ்வொரு பிக்ஸலும் ஒன்று முழுசாக இருக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. கேம் எஞ்சினிலும் கவனம் வேண்டும்: யூனிட்டியில் ஃபில்டர் மோடைப் பாயின்ட், கம்ப்ரெஷனை நன் என்றும், கோடோவில் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் என்றும் வையுங்கள். இதை மறந்தால் எஞ்சினே பைலினியர் ஃபில்டர் (பக்கத்துப் பிக்ஸல்களின் நிறங்களைக் கலப்பது) போட்டு எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

கைவேலைக்கும் விலை உண்டு. 8 ஃப்ரேம் நடை என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். இடம் மாறி வைத்தால் ஓரம் மினுமினுக்கும். எல்லா ஃப்ரேமிலும் கோட்டை முடித்த பிறகே இடைநிறத்தில் கை வையுங்கள். ஆட்டத்தில் கண்டபடி சுழலும் வாள், சக்கரம் போன்றவற்றுக்கு இது வீண்வேலை. சுழன்றதும் புள்ளிகள் இடம் தப்பிவிடும். 64-ஐத் தாண்டினால் நானும் இவ்வளவு அடித்துப் பேசமாட்டேன். 128-இல் சுருக்கி எடுப்பதே புத்திசாலித்தனம்.

16-இல் வரைபவர் 800 சதவீதத்தில் பெருக்கிப் பார்த்து புள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஆட்டத்தில் தெரியும் அளவிலேயே, ஒரு இருண்ட பின்னணியிலும் ஒரு வெளிர் பின்னணியிலும் போட்டுப் பார்க்கட்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத புள்ளியை அழித்துவிடலாம்.