கோரையாற்றைத் தேடிக் கண்டுபிடிக்காத அரட்டைச் செயலி: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பட்டுக்கோட்டைப் பக்கம் விதை நெல் உற்பத்தியாளர் குழு ஒன்றை நடத்தும் நண்பர், எங்கள் பாசனக் குழுவில் ஓடும் அரட்டைச் செயலியைத் தம் குழுவுக்கும் நிறுவலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அதற்கு முந்தைய இரவுதான் அந்தச் செயலியின் புதிய பதிப்பை ஏற்றி, அது கெடுத்துவைத்ததை விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் ஐந்து ஆண்டுகள் எங்களுக்கு உழைத்த ஒன்றைப் பற்றி நியாயமாகவே சொல்ல விரும்புகிறேன்.

நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அதற்குக் கீழே கோரையாற்று வாய்க்கால்களை நம்பியிருக்கும் சில ஊர்களின் குழு எங்களுடையது. எந்த மதகு திறந்தது, எந்த வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, யார் வயலில் நாற்று மிச்சமிருக்கிறது என்பவைதாம் எங்கள் பேச்சு. கைப்பேசியில் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே திறக்கலாம் என்பதாலும், மூல நிரல் கையில் இருப்பதால் நாமே திருத்திக்கொள்ளலாம் என்பதாலும் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

நான் எதிர்பாராத நன்மை மழைக்காலத்தில் தெரிந்தது. ஐப்பசி மழையில் மின்சாரம் போய், கோபுரத்தின் சிக்னலும் வந்து வந்து போகும் நேரத்தில், அனுப்பிய செய்தியை உலாவியே பிடித்துவைத்திருந்து, இணைப்பு திரும்பியதும் அனுப்பிவிடும். தொடக்கத்தில் இதிலும் ஒரு பிழை இருந்தது: சர்வருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தும், சேர்ந்தது என்ற பதில் திரும்பி வராவிட்டால் கைப்பேசி மறுபடி மறுபடி அனுப்பும். ‘மதகு திறந்தாயிற்று’ என்று மூன்று முறை வந்த செய்தியை மூன்று மதகுகள் என்று எண்ணி வரப்பு வெட்ட ஓடியவர்கள் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பும் கருவியிலேயே தனி எண் கொடுத்து, அதே எண்ணில் இரண்டாவதாக வருவதைச் சர்வர் ஒதுக்கிவிடும்படி, செயலியின் மூல நிரலைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர்கள் அதைத் திருத்தினார்கள். அதன்பின் இன்றுவரை ஒரு செய்திகூட இரட்டித்ததில்லை. பராமரிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் தேடல்! 2024-ல் ஜூன் 12 என்ற வழக்கமான நாள் தவறி, ஜூலை 28 அன்றுதான் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. தண்ணீர் எங்கள் வாய்க்கால் தலைப்புக்கு வருவதற்குள், முந்தைய ஆண்டுகளில் எந்த ஊருக்கு எத்தனை நாள் முறை வைத்தோம் என்று பார்ப்பதற்காகப் பெரியவர் ஒருவர் ‘கோரையாறு’ என்று தேடினார். அந்தப் பெயர் வராத நாளே இல்லாத எங்கள் குழுவில், ஒரு சில செய்திகள் மட்டுமே வந்தன. ‘மேட்டூர்’ என்று தேடினால் எல்லாம் வந்தது. ‘கொரடாச்சேரி’, ‘கொள்ளிடம்’, ‘கும்பகோணம்’ ஆகியவை அரைகுறையாக வந்தன.

காரணம் எழுத்தின் உள்ளே இருக்கிறது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைக்கலாம்; அல்லது ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; எண்களை ஒப்பிடும் தேடலுக்கோ அவை வேறு வேறு. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒருங்குறிக்கு மாற்றிய சுற்றறிக்கைகளை எங்கள் குழுவில் ஒட்டுவது வழக்கம். அவற்றில் பெரும்பாலும் கொம்பும் காலும் பிரிந்தே கிடந்தன. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. அவற்றை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற இயல்பாக்க முறையையும் அதுவே வகுத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்கான கட்டளை 2015-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருக்கிறது. செய்தியைச் சேமிக்கும் இடத்தில் ஒரு வரி, தேடும் இடத்தில் ஒரு வரி, பழைய செய்திகளை ஒருமுறை மாற்றி எழுத ஒரு சிறு நிரல், அவ்வளவுதான் வேலை.

அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்பினேன், பராமரிப்பாளர்கள் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே தேடல் பகுதியை வேறு நிரல் நூலகத்துக்கு (ஆயத்த நிரல் தொகுப்புக்கு) மாற்றியபோது அந்த இரண்டு வரிகளும் போயின. மறுபடி அனுப்பினேன்; மறுபடி சேர்த்தார்கள். சென்ற வாரம் வந்த பதிப்பில் மூன்றாம் முறையாகக் கோரையாறு காணாமல் போனது. பதிப்புக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: ‘வழக்கமான பராமரிப்பு, சிறு பிழைத் திருத்தங்கள்.’ எதைத் தொட்டார்கள் என்று அதில் ஒரு சொல் இருந்திருந்தாலும் நான் அன்றிரவு அதை ஏற்றியிருக்க மாட்டேன். முதல் இரண்டு முறையும் திருத்தத்தோடு ஒரு சோதனை நிரலையும் சேர்த்து அனுப்பாதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இம்முறை இரண்டு வடிவங்களிலும் ‘கோரையாறு’ என்று எழுதிய சோதனையை அனுப்பியிருக்கிறேன்; ஏற்றுக்கொண்டால் அந்த வரிகளை யார் அழித்தாலும் பதிப்பு வெளிவருவதற்குள் தெரிந்துவிடும்.

இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் கொம்பும் ளகரமுமாக ‘கெளரி’ என்று அடிக்கிறார்கள். அது வேறு எழுத்து என்பதால் என்.எஃப்.சி. அதைத் தொடாது. எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று துணிந்தால், ஆற்றுக் கெளுத்தி மீன் ‘கௌுத்தி’ என்று சிதைந்துபோகும். நான் அப்படி ஒருமுறை மாற்றிப் பார்த்து, உடனே திரும்ப எடுத்துவிட்டேன்.

நண்பருக்கு நான் கொடுத்த பதில்: இப்போது வேண்டாம். மழையிலும் இருட்டிலும் செய்தியைத் தவறவிடாத செயலி இது. எங்கள் குழுவில் இதை மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் விற்பது ‘கோ 51’, ‘பொன்மணி’ என்ற நெல் ரகங்கள்; இரண்டு பெயரிலும் அதே சிக்கல் எழுத்துகள். எந்த மூட்டை எந்த வயலில் அறுத்தது என்று தேடும்போது, இல்லை என்ற பதிலை உங்கள் ஆள்கள் நம்பிவிடுவார்கள். அந்தச் சோதனை நிரல் மூல நிரலில் சேர்ந்துவிட்டது என்று நான் சொல்லும்வரை பொறுத்திருங்கள். சேர்ந்த அன்றே நானே வந்து நிறுவித் தருகிறேன்.