ஜலதோஷத்துக்கு வெந்நீரில் பிராந்தியா, சூடான ஒயினா?

மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்புமாக அண்மையில் கழிந்த ஒரு வாரத்தில், பிராந்தியும் தேனும் எலுமிச்சைச் சாறும் வெந்நீரில் கலந்த பானத்தை ஓர் இரவும், பட்டையும் கிராம்பும் இட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயினை அடுத்த இரவுமாக மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். இரண்டுமே சளியைக் குணப்படுத்துவதில்லை என்பது தெரிந்ததுதான். மணத்தில் ஒயின் முந்துகிறது. ஆனால் கால் மணி நேரம் அடுப்பருகே நிற்க வேண்டும். பிராந்திக்கு வெந்நீர் மட்டும் போதும்.

நான் பிராந்தியின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. 2008-இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மது கலவாத ஒரு பழப்பானத்தை 30 பேரிடம் சோதித்தபோது, தொண்டை வலியும் குளிரும் களைப்பும் அதைச் சூடாகக் குடித்தவர்களுக்கே உடனே தணிந்தன. அறை வெப்பத்தில் குடித்தவர்களுக்குத் தணியவில்லை. ஆக, இதம் தருவது சூடு; மது அதனுடன் ஒட்டிக்கொண்டு வருவது. பிராந்திப் பானத்தில் சூட்டைத் தாங்குவது தண்ணீர் என்பதால், மதுவை நம் விருப்பப்படி குறைத்துக்கொண்டு குவளையை நிரப்பிக்கொள்ளலாம். ஒயினிலோ சூடும் மதுவும் ஒரே திரவத்தில் இருப்பதால், இன்னொரு குவளைச் சூடு வேண்டுமென்றால் இன்னொரு குவளை மதுவையும் குடித்தாக வேண்டும். 40 சதவீதப் பிராந்தியில் 20 மில்லியில் இருப்பது 8 மில்லி ஆல்கஹால். 12 சதவீத ஒயின் 200 மில்லியில் 24 மில்லி. சூடாக்கும்போது சிறிது ஆவியாகும், ஆனால் கொதிக்கவிடாமல் காய்ச்சுவதால் பெரும்பகுதி தங்கிவிடும்.

இந்த வேறுபாடு பின்னிரவில்தான் தெரியும். மது தூக்கத்தை விரைவில் வரவழைத்துவிட்டு, பிறகு கலைத்துவிடும். தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் உடல் கதகதப்பாகத் தோன்றினாலும், உள்வெப்பம் உண்மையில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒயின் குடித்த இரவுகளில் நான் விடியுமுன்பே நா வறண்டு விழித்துக்கொண்டேன். பிராந்தி 20 மில்லியோடு நின்ற இரவுகளில் அப்படி நேரவில்லை. ஒரு வாரத்து அனுபவத்தை விதியாக்க எனக்குத் துணிவில்லை.

கலக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆல்கஹால் சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால், கொதிநீரில் நேரே ஊற்றினால் எழும் ஆவி மூக்கில் ஏறி இருமலைக் கிளப்பும். தேனையும் எலுமிச்சையையும் முதலில் கரைத்து, நீர் சற்று ஆறிய பின்னரே பிராந்தியைச் சேர்க்கிறேன்.

ரம்மை ஒரே ஒருமுறை முயன்றேன். இனிப்பு மிகுந்திருந்தது என்பதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையையோ பாராசிட்டமாலையோ விழுங்கிய இரவுகளில் இவற்றில் எதையும் நான் தொடவில்லை. அன்று தேனும் எலுமிச்சையும் கலந்த வெறும் வெந்நீர்தான், அதுவும் தொண்டைக்கு ஏறக்குறைய அதே இதத்தைத் தந்தது.