பழைய ரீகர்வ் வில்லின் டிரா வெயிட் பார்க்க எந்தத் தராசு?

ரீகர்வ் என்பது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்; டிரா வெயிட் என்பது அதை வழக்கமாக 28 அங்குலம் வரை இழுக்கத் தேவைப்படும் விசை, பவுண்டில். லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், 45 என்று எழுதியிருக்கும். இழுத்துப் பார்த்தால் கைக்கு ஐம்பது போலத் தோன்றும். பழைய ரீகர்வ் வாங்கியவருக்கு அம்புக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரு தராசு. மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன: வில்லுக்கென்றே வரும் ஸ்பிரிங் தராசு, பயணப்பெட்டி எடைபோடும் 50 கிலோ டிஜிட்டல் தராசு, உச்ச அளவைப் பிடித்துவைக்கும் டிஜிட்டல் வில் தராசு. மூன்றுமே போதுமான அளவு சரியாகக் காட்டும். அளவு தவறுவது பெரும்பாலும் தராசால் அல்ல, எந்த அங்குலத்தில் படித்தோம் என்பதால்தான்.

கணக்கு இதுதான். ரீகர்வ் வில் 28 அங்குலத்தை ஒட்டி ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 2 முதல் 3 பவுண்டு ஏறும். கால் அங்குலம் பிசகினாலே அரை பவுண்டுக்கு மேல் போய்விடும். 10 கிராம் வரை காட்டும் திரை அந்தப் பிசகை ஈடுகட்டாது. அதனால் தராசோடு ஒரு அளவுக்கோலும் செய்துகொள்ளுங்கள்: நாணைக் கவ்வும் நாக் (அம்பின் வால்முனைப் பிளவு) பொருத்திய நீளமான மர அம்பு, அதில் அந்தப் பிளவின் உள்பள்ளத்திலிருந்து அளந்து போட்ட கோடுகள். ஏஎம்ஓ (வில்வித்தைக் கருவித் தயாரிப்பாளர் அமைப்பு) வரையறைப்படி 28 அங்குலம் என்பது நாணிலிருந்து கைப்பிடியின் மிக ஆழமான பள்ளம் வரை 26¼, அதோடு 1¾ கூட்டியது. ஆகவே 26¼ கோடு அந்தப் பள்ளத்துக்கு நேரே வர வேண்டும். வில்லின் முன்முகத்தை வைத்து அளந்தால், கைப்பிடி தடிமனான வில்லில் வேறு எண் வரும். இந்த வரையறை பரவுவதற்கு முன் செய்த வில்லில் 28 எங்கிருந்து எங்கே அளக்கப்பட்டது என்பது செய்தவரைப் பொறுத்தது. லிம்பில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இனி தராசுகள். ஸ்பிரிங் தராசுக்கு பேட்டரி வேண்டாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கோடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு பவுண்டுக்குக் கீழே படிப்பது ஊகம்தான். ஒவ்வொரு முறையும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு: சுமை ஏற ஏற ஸ்பிரிங்கே நீள்கிறது. சுவரிலோ பலகையிலோ கோடு போட்டு இழுநீளம் பார்ப்பவருக்கு அந்த நீட்சி முழுவதும் பிழையாகச் சேரும். வில்லில் மாட்டிய அம்பிலேயே பார்த்தால் பாதிப்பில்லை.

பயணப்பெட்டித் தராசு மலிவு, எளிதில் கிடைக்கும். 50 கிலோ என்றால் 110 பவுண்டு. எந்தப் பழைய ரீகர்வுக்கும் தாராளம். ஆனால் எடை அசையாமல் நின்றதும் பீப் ஒலியோடு எண்ணைப் பூட்டிவிடும் குணம் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. 25 அங்குலத்தில் ஒரு கணம் தயங்கினால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். 28 வரை இழுத்தாலும் பழைய எண்ணே நிற்கும். “என் வில் ஏழு பவுண்டு குறைந்துவிட்டது” என்ற கவலைகளில் சில இப்படிப் பிறந்தவையாகவே இருக்கும். பூட்டை அணைக்க முடிகிற தராசாகப் பார்த்து வாங்குங்கள். முடியாவிட்டால் நடுவில் நிற்காமல் ஒரே சீராக இழுங்கள். தானாக அணைந்துபோகும் நேரம் மிகக் குறைவாக இருப்பதும் தொல்லை.

உச்ச அளவைப் பிடிக்கும் வில் தராசுதான் மூன்றில் சிறந்தது, குறிப்பாகத் தனியாக அளப்பவருக்கு. இழுத்துவிட்டு மெல்லத் தளர்த்திய பிறகும் எண் திரையில் இருக்கும். வில்லைத் திரும்பத் தளர்த்தும்போது விசை சற்றுக் குறைவாகவே காட்டும். உச்ச அளவு அந்தக் குழப்பத்தையும் தவிர்க்கிறது. குறை என்னவென்றால், கடைசியில் சட்டென்று வெட்டி இழுத்தால் அந்த வெட்டும் எண்ணில் சேர்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் முதலில் தண்ணீரால் சோதியுங்கள். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, அதாவது 44.1 பவுண்டு, காலிக் கேனின் எடையைத் தனியே கூட்டிக்கொள்ளலாம். வில் வேலை செய்யும் எடைக்கு அருகிலேயே சோதிப்பதுதான் பயன். ஒரு கிலோவில் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

தராசை உத்தரத்தில் தொங்கவிட்டு, கொக்கியில் நாணை மாட்டி, வில்லைக் கீழே இழுப்பது வழக்கமான முறை. வில் தொங்கும் நிலையில் தராசைப் பூஜ்யமாக்கக் கூடாது. வில்லின் எடையும் நாணை இழுக்கும் விசையின் ஒரு பகுதிதான். தராசு காட்டுவது நாணில் உள்ள முழு விசை. ஒரு கிலோ எடையுள்ள வில்லோடு பூஜ்யமாக்கினால் 2.2 பவுண்டு குறைவாகப் படிப்பீர்கள். காலிக் கொக்கியோடு பூஜ்யமாக்குங்கள். கொக்கியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நாணின் நடுச்சுற்று நூலை அறுக்கும். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். கொக்கி ஆழமாக வளைந்திருக்க வேண்டும். நாண் வழுக்கி வெளியே வந்தால் அது அம்பில்லாமல் விட்டதற்குச் சமம். பழைய லிம்ப் அதில் உடையக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், முகத்தை நாணின் பாதையில் வைக்காதீர்கள்.

இழுப்பதற்கு முன் லிம்ப் முழுவதும் பஞ்சால் தடவிப் பாருங்கள். கண்ணாடியிழையில் பிசிறு இருந்தால் பஞ்சு சிக்கும். அடுக்குகள் பிரிந்த கோடு, நுனியில் விரிசல் இருந்தால் அளவு வேண்டாம். நாணேற்றும் கயிறு கொண்டே நாண் ஏற்றுங்கள். காலுக்கிடையில் வளைத்து ஏற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாண் டாக்ரானாக (சற்று நீளும் பாலியெஸ்டர் இழை) இருக்கட்டும். நீட்சியற்ற நவீன இழை, வலுவூட்டாத பழைய நுனிகளுக்கு ஆகாது. பிரேஸ் உயரத்தை (நாண் ஏற்றிய வில்லில் நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம்) குறித்துவையுங்கள், அது கூடினால் எடையும் கொஞ்சம் கூடும்.

முதலில் 20 அங்குலம் வரை சில முறை, பிறகு 24. நெறிப்பு ஓசை கேட்டால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் 28 வரை மெதுவாகச் சென்று படித்து, உடனே கையோடு தளர்த்துங்கள். இழுத்த நிலையில் மாட்டிவைத்துவிட்டு நிதானமாகப் படிக்காதீர்கள். மூன்று முறை படித்து நடு எண்ணை எடுங்கள். 26, 27 அங்குலங்களிலும் படித்துக்கொள்வது நல்லது. 26 அங்குலம் இழுப்பவருக்கு 45 பவுண்டு வில் 40 அளவில்தான் நிற்கும், அம்பின் விறைப்பை அந்த எண்ணுக்கே தேர்ந்தெடுக்க வேண்டும்.

லிம்பில் உள்ள எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் இரண்டு பவுண்டு வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். ஐந்து குறைந்தால் முதலில் இழுநீளத்தை மறுபடி அளங்கள், பிறகு தராசைத் தண்ணீரால் சோதியுங்கள். இரண்டும் சரி என்றால், லிம்பை யாரோ தேய்த்து மறுபூச்சு பூசினார்களா என்று பாருங்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமனில் 3 சதவீதம் தேய்ந்தால் 45 பவுண்டில் ஏறக்குறைய 4 போய்விடும்.